நான்காம் பக்கம், ஐந்தாம் பக்கம்

காலை பத்து இருபதுக்கு என் மச்சானிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. நேரம் மறக்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை மகளின் காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு எழுதியாகிவிட்டது. பத்தரைக்கு எழுத வேண்டிய இடம் இன்றைக்கும் காலியாகத்தான் இருக்கிறது.

காய்ச்சல் வந்து அன்று ஐந்தாவது நாள். கொரோனாவின் இரண்டாவது அலை ஓடிக்கொண்டிருந்த கோடைக்காலம். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு முடியாது. வீட்டில் மூன்று பேருக்கும் தொற்று. எனக்கு வாசனை போனதோடு சரி. மனைவி கலாவுக்கு எழுந்து நடக்கத் தெம்பில்லை. பதினைந்து வயது மகளுக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவே இல்லை. வீட்டில் அவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

செய்தியில் மூன்று படங்கள் இருந்தன. ஆங்கிலத்தில் அச்சான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் பக்கங்களை யாரோ மேசைமேல் வைத்து போனில் எடுத்திருந்தார்கள். கீழே ஒரு மாத்திரையின் பெயர், காலை ஒன்று, இரவு ஒன்று. மச்சானின் குரல் தனியாக.

"மாப்ள, இது சும்மா ஃபார்வர்டு இல்ல. ரிசர்ச் பேப்பர். வெளிநாட்டுல பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல பண்ணது. சாவு கொறையுதுன்னு போட்டிருக்கான் பாரு. பாப்பாவுக்கு இன்னைக்கே ஆரம்பிச்சிடு. லேட் பண்ணாத."

படித்தேன். படித்தேன் என்றால், இறப்பு குறைந்தது என்ற அந்த ஒரு வரியைப் படித்தேன். மற்ற வரிகளின்மேல் கண் ஓடியது, அவ்வளவுதான். நான் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பிறர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. பாதி அறிக்கையை வைத்து ஒருவன் 'எல்லாம் சரி' என்றால் அவனை அரை மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்பவன் நான். அன்றைக்கு ஸ்டீராய்டு மாத்திரைக்கு மருந்துக்கடைக்கு போன் செய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. கடைக்காரர் சீட்டு கேட்கவில்லை. அந்த நாட்களில் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. பத்து ஐம்பதுக்குப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்.

மாத்திரையையும் தண்ணீர் டம்ளரையும் மேசைமேல் வைத்தேன். வைத்துவிட்டு, அந்த மூன்று படங்களையும் மேல் மாடி அக்காவுக்கு அனுப்பினேன்.

ஏன் அனுப்பினேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சந்தேகம் வந்து அனுப்பவில்லை. 'சரி, குடு' என்று இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு நான் பிடித்ததோ, அந்தக் கட்டடத்திலேயே அப்படிச் சொல்ல வாய்ப்பே இல்லாத ஒருவரை.

மூன்று மாடிக் கட்டடம் அது. கீழே நாங்கள். நடுவில் வீட்டுக்காரர். அதற்கு மேலே அக்கா, தனியாக. அறுபது வயதைத் தாண்டியவர், ஒல்லி, மூக்குக்கண்ணாடியை ஒரு ஷூ லேஸில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வலது கட்டைவிரலில் பக்கம் புரட்டுகிறவர்கள் போடும் சிவப்பு ரப்பர் உறை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதைக் கழற்றியதில்லை. வெண்டைக்காய் பொறுக்கும்போதும் அது விரலில் இருக்கும்.

நகரத்தில் ஒரு பெரிய அறிவியல் நிறுவனத்தின் நூலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். யாராவது மரியாதைக்கு லைப்ரேரியன் என்று சொல்லிவிட்டால் உடனே திருத்துவார். "லைப்ரேரியன் வேற. நான் அட்டெண்டர்." ஆராய்ச்சி இதழ்கள் மாதாமாதம் தனித்தனியாக வரும். வருட முடிவில் சேர்த்துக் கட்ட பைண்டிங்குக்கு அனுப்புவார்கள். அனுப்புவதற்கு முன் ஒவ்வோர் இதழிலும் எல்லாப் பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது அக்காவின் வேலை. ஒரு பக்கம் விட்டுப்போய்க் கட்டிவிட்டால் பிறகு அது இல்லாமலே போய்விடும், எவனும் தேடமாட்டான் என்பார்.

அந்த எண்ணிக்கை அவரை விடவே இல்லை. காலையில் பேப்பர்காரர் சைக்கிளை விட்டு இறங்கும்போது அக்கா கேட்டருகில் நிற்பார். அவர் கண் முன்னாலேயே பேப்பரை எண்ணுவார்.

"அக்கா, எல்லாம் இருக்குதுக்கா. உள்ள விளம்பரம்தான், ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்றத நான் பாத்துட்டு சொல்றேன். நீ சொல்ப இரு."

சொல்ப என்றால் இந்த ஊர்க் கன்னடத்தில் கொஞ்சம். அக்காவின் தமிழில் அது பத்து வார்த்தைக்கு ஒருமுறை வரும். பேப்பர்காரர் ஒற்றைக்காலில் சைக்கிளைத் தாங்கியபடி நிற்பார். ஏழாம் எட்டாம் பக்கம் இல்லை என்று ஒருநாள் அவரைத் திருப்பி அனுப்பியே விட்டார். அது முழுக்க நகைக்கடை விளம்பரம்.

பாப்பா பத்தாம் வகுப்பு போகப்போகும்போது பழைய புத்தகக் கடையில் ஓர் அறிவியல் புத்தகம் வாங்கி வந்தேன். படிக்கட்டில் அதை வாங்கிப் பார்த்தவர், அங்கேயே நின்று கட்டைவிரலால் சரசரவென்று தள்ளினார். நடுவில் பதினாறு பக்கம் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பதினாறு பக்கத்தையும் எங்கோ தேடி ஜெராக்ஸ் எடுத்து வந்து, பெரிய ஊசியால் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். பாப்பா அவருக்கு வைத்த பெயர் பக்கம் ஆன்ட்டி. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவாள். அக்காவுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

முதல் ஊரடங்கில் எல்லோரும் பாத்திரம் கழுவி, சீரியல் பார்த்து நாளைக் கடத்தியபோது, அக்கா ஒரு பழைய லேப்டாப்பும் பிரிண்டருமாக உட்கார்ந்துவிட்டார். இந்த நோயைப் பற்றிய ஆராய்ச்சிகளை எல்லாம் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று பல இதழ்கள் திறந்துவிட்டிருந்தன. அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷமா கோபமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"முப்பது வருஷம் அந்த வாசல்ல நான் உக்காந்திருந்தேன்பா. கார்டு இல்லாதவங்களை உள்ள விடக்கூடாது, ரூல்ஸ். கோலார்லேர்ந்து ஒரு காலேஜ் வாத்தியார் ரெண்டு பஸ் மாறி வந்தாரு. ஒரே ஒரு கட்டுரை பாக்கணும்னாரு. கார்டு இல்ல. நான்தான் திருப்பி அனுப்பிச்சேன். இப்ப பாரு, மடியில வெச்சு நான் படிக்கிறேன். ஜனங்க சாக ஆரம்பிச்சப்புறம் தெறந்திருக்காங்க."

எந்தக் கட்டுரையையும் மெதுவாகத்தான் படிப்பார், வரிக்குக் கீழே விரல் வைத்து, தெரியாத வார்த்தைக்கு அகராதி பார்த்து. படித்து முடித்ததும் மேல் மூலையில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். பாதி படித்திருந்தால் அரை வட்டம். அரை வட்டம் போட்டதைப் பற்றி நாம் என்ன கேட்டாலும் பதில் வராது. மேலே போட்டிருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "அது சினிமா போஸ்டர்ப்பா. கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி, தாங்க எங்க கோட்டை விட்டோம்னு அவங்களே எழுதியிருப்பாங்க. அங்க போய்ப் படி."

இப்படிப்பட்டவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. எனக்கே ஒரு விஷயத்தில் அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது.

மொட்டை மாடி ஒற்றை அறையில் ஒரு நர்ஸ் குடியிருந்தாள். வேலூர்ப் பக்கத்துப் பெண். முதல் அலையில் அவளுக்குக் கொரோனா வார்டில் வேலை போட்டதும் வீட்டுக்காரர் பயந்துவிட்டார். கிருமி இரும்புக் கைப்பிடியில் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும் என்று அவருக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். படிக்கட்டுக் கைப்பிடி இரும்பு. அறையைக் காலி செய்யச் சொன்னார். அக்கா அந்த ஆராய்ச்சியைத் தேடி எடுத்து, முழு வட்டம் போட்டு, வீட்டுக்காரரிடம் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன்.

"சார், இது ஆய்வுக்கூடத்துல வெச்சுப் பாத்தது. கிருமி அதுல கொஞ்ச நாள் இருந்துச்சுன்னு சொல்றாங்க. கைப்பிடியத் தொட்டு ஒருத்தருக்கு நோய் வந்துச்சுன்னு இதுல சொல்லல."

வீட்டுக்காரர் கொஞ்சம் இளகினார். "சரிம்மா. அப்போ ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தைக்கு நான் விட்டுர்றேன்."

அக்கா கையிலிருந்த தாளைத் திரும்பப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். நர்ஸ் படிக்கட்டு வளைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்டி சொல்ல முடியாது சார். அது இதுல இல்ல. எனக்குத் தெரியாது."

"பாத்தீங்களா? ரிஸ்க் பேடாம்மா, வேணவே வேணாம்" என்றார் வீட்டுக்காரர். இரண்டு நாளில் நர்ஸ் காலி செய்தாள். அவளுடைய டிரங்க் பெட்டியை ஆட்டோ வரைக்கும் தூக்கிப் போனது அக்காதான். நர்ஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அன்று எனக்குத் தோன்றியது. கலா வாய்விட்டே சொன்னாள், "இதுக்கு அவங்க போகாமலே இருந்திருக்கலாம்."

அந்த அக்காவுக்குத்தான் நான் மூன்று படங்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். பதினொன்றே காலுக்கு போன் வந்தது.

"இன்னாப்பா இது? ரெண்டு இருக்கு, மூணு இருக்கு, அப்புறம் ஆறு. நாலும் அஞ்சும் எங்க?"

எனக்குப் புரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்ன எழுத்தில் எண். இரண்டு, மூன்று, ஆறு.

"வந்தது அவ்ளோதாங்கா. முக்கியமானதைத்தான் எடுத்திருப்பாங்க."

"முக்கியமானதுன்னு யாரு சொன்னா? ஒண்ணாவது பக்கமும் இல்ல. பேரே இல்லாத கட்டுரை. யாரு எழுதினது, எங்க வந்துது?"

"அக்கா, பாப்பாவுக்கு அஞ்சு நாளா நூத்தி ரெண்டு. மாத்திரை கையில இருக்கு. குடுக்கலாமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க."

"ஆக்சிஜன் எவ்ளோ காட்டுது?"

"தொண்ணூத்தாறு. மூச்சு வாங்கல."

அதை அவர் எழுதிக்கொள்வது கேட்டது. "நாலு மணி வரைக்கும் டைம் குடு. அந்த ரெண்டு பக்கத்தையும் பாத்துட்டு பேசறேன். டாக்டரையும் விடாம கூப்ட்டுகிட்டே இரு."

டாக்டரைக் காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். பாப்பா பிறந்ததிலிருந்து பார்ப்பவர். அவருடைய எண் எப்போது போட்டாலும் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தது.

கலா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "ஏங்க, என்ன சொன்னாங்க?"

"நாலு மணிக்கு சொல்றாங்களாம்."

"நாலு மணிக்கா? அவங்க என்ன டாக்டரா? எங்க அண்ணன் என்ன, பாப்பாவுக்குக் கெடுதலா சொல்லுவாரு?"

"ரெண்டு பக்கம் விட்டுப்போயிருக்காம்."

"பக்கமாம் பக்கம். பொண்ணு அங்க அனலாக் கொதிக்கிறா, நீங்க பக்கத்த எண்ணிக்கினு இருக்கீங்க."

அவள் மாத்திரையைக் கையில் எடுத்தாள். நான் வாங்கித் திரும்ப மேசையில் வைத்தேன். உள்ளே பாப்பா இருமினாள். ஒவ்வோர் இருமலுக்கும் கலா என்னைப் பார்த்தாள். டம்ளர்த் தண்ணீரில் ஓர் எறும்பு விழுந்தது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்து வைத்தேன். பன்னிரண்டு மணி, பன்னிரண்டரை, ஒன்று. காய்ச்சல் இறங்கவில்லை. மச்சான் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

ஒன்றரைக்கு அக்காவின் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் மின்விசிறிச் சத்தம். "மூணாவது பக்கத்துலேர்ந்து ஒரு வரிய அப்டியே டைப் பண்ணித் தேடினேன். பேர் கெடச்சிடுச்சு. மொதல்ல போன எடத்துல பணம் கேக்குது. இன்னொரு எடத்துல பழைய வரைவு இருக்கு, யாரும் சரிபாக்காதது. அது பேடா. வேற வாசல் இருக்கும், இரு."

இரண்டேகாலுக்கு இன்னொன்று. "முழுசாக் கெடச்சாச்சு. படிச்சிகினு இருக்கேன்."

கிடைத்தாயிற்று என்றால் அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதுதானே? அப்படித்தான் கேட்டு அனுப்பினேன். பதில் இல்லை. முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்திருப்பார். மூன்று மணிக்குத் தெரு முழுக்க மின்சாரம் போனது. மேலே பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் பாதியில் நின்றது எனக்குக் கீழேயே கேட்டது.

மூன்றேமுக்காலுக்கு நான் முடிவுக்கு வந்துவிட்டேன். நாலடிக்கட்டும், அக்காவிடமிருந்து பதில் வராவிட்டால் கொடுத்துவிடுவது. அட்டையிலிருந்து ஒரு மாத்திரையை உடைத்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வாசலில் ஏதோ தட்டியது. மஞ்சள் வயர் கூடை. துணி காயப்போடும் நைலான் கயிற்றில் கட்டி மேலேயிருந்து இறக்கியிருந்தார். உள்ளே ஐந்தாறு தாள்கள். நான்காம் பக்கம் வரை அச்சு. ஐந்தாம் பக்கம் கையெழுத்து. மின்சாரம் போனதும் லேப்டாப்பில் மிச்சமிருந்த பாட்டரியில் பார்த்து, அட்டவணையை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வரி வரியாக எழுதியிருந்தார். அடியில் தமிழில், 'பார்த்து எழுதியது. இரண்டு தடவை சரிபார்த்தேன்.' மேல் மூலையில் முழு வட்டம்.

ஐந்தாம் பக்கத்தில் நான்கு வரிகளுக்குப் பக்கவாட்டில் பென்சில் கோடு. அந்த நான்கு வரிகளை நான் நின்றபடியே மூன்று முறை படித்தேன். மருந்து உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் அது ஆக்சிஜன் வைக்க வேண்டிய நிலைக்குப் போனவர்களுக்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை எதுவும் தெரியவில்லை. கெடுதலாகவும் இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியவில்லை.

உள்ளங்கையில் மாத்திரை வியர்வையில் கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். நடு மாடியில் வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"அப்போ குடுக்கக் கூடாது. அதானே அக்கா?"

"அதுல வந்தவங்க முக்காவாசி பெரியவங்கப்பா. பாப்பா வயசுக்காரங்களப் பத்தித் தனியா ஒண்ணும் சொல்லல. அதனால எனக்குத் தெரியாது."

என்னால் தாங்க முடியவில்லை. நர்ஸ் ஞாபகம் வந்தது. தெருவே கேட்கும்படி கத்தினேன். "தெரியாதுன்னு சொல்றதுக்கா அஞ்சு மணி நேரம் எடுத்தீங்க? உள்ள கெடக்கறது எம் பொண்ணு! நீங்க எண்ணி அடுக்கற புஸ்தகம் இல்ல!"

அவர் முகம் மாறியதா என்று கீழேயிருந்து தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார், "கடைசித் தாளத் திருப்பிப் பாரு. டாக்டர் கெடச்சா அரை நிமிஷம்தான் பேசுவாரு. அத அப்டியே படி."

திருப்பிப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ஒரே கேள்வி. பெண், பதினைந்து வயது, காய்ச்சல் ஐந்தாம் நாள், ஆக்சிஜன் தொண்ணூற்றாறு, மூச்சிரைப்பு இல்லை. ஆக்சிஜன் தேவைப்படாத இந்த நிலையில் ஸ்டீராய்டு வேண்டுமா, வேண்டாமா. எந்த அளவுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்?

ஐந்து பத்துக்கு டாக்டர் கிடைத்தார். அவர் குரலே யாரோ போலிருந்தது. நான் என் பெயரைக்கூடச் சொல்லாமல் அந்தத் தாளைப் படித்தேன். "வேண்டாம், இப்ப ஸ்டீராய்டு குடுக்காதீங்க" என்றார். "தொண்ணூத்தி நாலுக்குக் கீழ வந்தா ஒரு நிமிஷம் வீட்ல வெச்சிருக்காதீங்க." வைத்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

கதை அதோடு நல்லபடியாக முடிந்துவிடவில்லை. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் அப்படியே போயின. எட்டாம் நாள் காலை எட்டரைக்குத் தொண்ணூற்று மூன்று. விரலைத் தேய்த்து மறுபடி வைத்தேன். தொண்ணூற்று இரண்டு. பாப்பா குளியலறை வரை நடந்துவிட்டு வந்து பேச முடியாமல் கட்டிலில் உட்கார்ந்தாள்.

கலா என்னை அடிக்கவில்லை, அவ்வளவுதான். "மூணு நாள்! மூணு நாளா அந்த மாத்திர மேசமேலயே கெடக்குது! அந்தம்மா பேச்சக் கேட்டுக்கினு..." முடிக்காமல் அழுதாள். எனக்கும் அதே கணக்குத்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

விவேக் நகர் தாண்டி ஒரு மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. பாப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். வெளியே தகரப் பந்தலில் நான் மட்டும். வார்டு டாக்டர் வந்தபோது மதியம் ஆகிவிட்டது. உடம்பை மூடிய வெள்ளை உறைக்குள் கண் மட்டும் தெரிந்தது. சின்ன வயதுப் பெண்.

"நீங்கதான் அப்பாவா? வீட்ல ஸ்டீராய்டு ஏதாவது குடுத்தீங்களா? உண்மையச் சொல்லுங்க."

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். "குடுக்கல டாக்டர். வாங்கி வெச்சிருந்தோம். குடுக்கல."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல."

"நல்லது. முன்னாடியே போட்டுட்டு வர்றவங்களப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. இப்ப ஆக்சிஜன் வெச்சிருக்கோம். இனிமே அந்த மருந்து குடுப்போம், இனிமேதான் அதுக்கு வேலை." திரும்பிப் போகப்போனவர் நின்றார். "யாரு குடுக்க வேணாம்னு சொன்னது?"

"எங்க டாக்டர். அதுக்கு முன்னாடி..." என்று இழுத்தேன். "அதுக்கு முன்னாடி ஒருத்தங்க தெரியாதுன்னு சொன்னாங்க."

அவருக்கு அது புரிந்திருக்காது. உள்ளே போய்விட்டார். நான் அந்தத் தகரப் பந்தலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் அழுதேன்.

பாப்பா ஒன்பது நாள் அங்கே இருந்தாள். நடந்தே வெளியே வந்தாள். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அக்கா மறு வருடம் வீட்டைக் காலி செய்துகொண்டு கோலார் தங்கவயலில் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். போன் எண்ணும் மாறிவிட்டது. யாராவது எனக்கு எதையாவது படம் பிடித்து அனுப்பினால் இப்போதெல்லாம் என் கண் முதலில் அடியில் இருக்கும் எண்ணுக்குப் போகிறது. பாப்பா தும்மினால் இன்னும் என் கை ஆக்சிஜன் பார்க்கும் கருவியைத் தேடுகிறது.

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியும் ஒரு வாரம் நான் மாடிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தினமும் நினைப்பேன். இரண்டு படி ஏறுவேன், கத்தியது காதில் கேட்கும், இறங்கிவிடுவேன். கூடையும் இறங்கவில்லை. பேப்பர்காரர்கூட ஒருநாள் கேட்டார், "அக்கா எண்ணவே வரலியே சார், உடம்பு கிடம்பு சரியில்லயா?" அக்கா எங்களைப் பார்க்கப் பிடிக்காமல் இருக்கிறார் என்று கலா சொன்னாள். அவளுக்கும் குற்ற உணர்ச்சி. கேசரி செய்து, யார் கொண்டுபோவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தோம்.

எட்டாவது நாள் காலை பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. முகக்கவசம், கழுத்தில் ஷூ லேஸ், கட்டைவிரலில் சிவப்பு உறை. கையில் ஒரு காகிதக் கட்டு.

"உள்ள வாங்கக்கா" என்றேன். "அக்கா, அன்னைக்கு நான் அப்டி..."

"அத விடு. அன்னைக்குக் குடுத்த பேப்பர வெச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

காய்ச்சல் நோட்டுக்குள் வைத்திருந்தேன். கொண்டுவந்து கொடுத்தேன். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று எண்ணினார். மேல் மூலையில் இருந்த முழு வட்டத்தைப் பார்த்தார். ரப்பர் உறை போட்ட விரலால் அதைத் தேய்த்துப் பாதியை அழிக்கப் பார்த்தார். பென்சில் கோடு கலைந்து கறையானது.

"இந்த வட்டம் தப்புப்பா" என்றார். "இதுக்கு ஒரு பின்னிணைப்பு இருக்கு. தனி ஃபைலு. யாரு எந்த வயசு, எத்தன பேருன்னு எல்லாம் அதுல இருக்கு. கரண்டு போச்சுன்னு பழி போட்டுக்கலாம். ஆனா நான் அதத் தொறக்கவே இல்ல. நாலு மணின்னு உனக்கு வாக்குக் குடுத்துட்டேன், அந்த அவசரம். நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பதான் ஞாபகம் வந்துது. எறங்கி வந்து சொல்றதுக்கு பயமா இருந்துச்சு. மொதல்ல பாப்பா நடந்து வரட்டும்னு இருந்தேன்."

"அதுல என்னக்கா இருந்துச்சு?"

"மாத்தி ஒண்ணும் இல்ல. இருந்திருந்தா?"

உள்ளேயிருந்து பாப்பா, "யாரு, பக்கம் ஆன்ட்டியா?" என்று கூப்பிட்டாள். அக்கா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். கையிலிருந்த கட்டை என்னிடம் நீட்டினார்.

"பழச நான் எடுத்துக்கறேன், நீ இத வெச்சுக்க. பின்னிணைப்போட சேத்துத் தெச்சிருக்கேன். வேற யாருக்காவது குடுக்கறதா இருந்தா இதக் குடு. எண்ணிப் பாத்து வாங்கிக்கப்பா."